முதல் வெளிநாட்டுப் பயணம்: நோட்டீஸ் விலையும் வாசலுக்கு வாசல் ஆகும் செலவும்

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பாலக்காடு மாவட்டத்தில் எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வெளிநாடு என்றால் ரொம்ப நாளாக ஒரே அர்த்தம்தான்: கல்ஃபில் வேலை. சும்மா சுற்றிப் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்புவது சமீபத்தில் வந்த பழக்கம். குறி (சீட்டு) பிடித்த பணத்தோடு குடும்பஸ்ரீ மகளிர் குழு அக்காமார் கேட்கிறார்கள், பென்ஷன் வாங்கும் வாத்தியார் கேட்கிறார், தென்னந்தோப்பு வைத்திருக்கிறவர் கேட்கிறார். எல்லோருடைய போனிலும் ஒரே மாதிரி டூர் நோட்டீஸ். கடல், யானை, பெரிய எழுத்தில் "4 இரவு 5 பகல், 36,999 மட்டும்". கீழே கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் ஒரு நட்சத்திரக் குறி.

"ஏனுங் தம்பி, இது நெசமா?" என்று என்னிடம் காட்டுவார்கள். நான் ஏஜென்ட் அல்ல, பால் சொசைட்டியில் கணக்கு எழுதுகிறவன். 2018-ல் மனைவி, மகள், அம்மாவோடு முதல்முறையாகத் தாய்லாந்து போனேன். கிடைத்ததிலேயே குறைந்த விலைப் பேக்கேஜ்தான் எடுத்தேன். திரும்பி வந்து கணக்கு எழுதிப் பார்த்தபோது, வேண்டாம் என்று ஒதுக்கிய விலை கூடுதலான பேக்கேஜைவிட அதிகம் செலவாகியிருந்தது. அன்றிலிருந்து நோட்டீசில் உள்ள விலையை நான் பார்ப்பதில்லை. வீட்டு வாசலில் செருப்பு மாட்டுவதிலிருந்து திரும்பி வந்து கழற்றுவது வரை எவ்வளவு என்றுதான் பார்க்கிறேன். கீழே உள்ள வரிசை அப்படி வந்தது. இதே வரிசையில் செய்தால் பாதிச் சிக்கல் வராது.

முதலில் பாஸ்போர்ட், அப்புறம்தான் நாடு

பாஸ்போர்ட் கைக்கு வராமல் யாருக்கும் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். "அது வந்துடும், இப்ப சீட் போயிரும்" என்று அவசரப்படுத்துவார்கள். சீட் போனால் போகட்டும்.

பெரியவர்களுக்கு 36 பக்கப் பாஸ்போர்ட்டின் கட்டணம் 1,500 ரூபாய், பத்து வருடம் செல்லும். தட்கால் என்றால் கூட 2,000. விண்ணப்பத்தை நாட்டின் எந்தப் பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழும் போடலாம். போலீஸ் விசாரணை மட்டும் நீங்கள் எழுதிக்கொடுத்த முகவரிக்கு வரும். ஏற்கெனவே பாஸ்போர்ட் இருந்தால் முடியும் தேதியைப் பாருங்கள். பெரும்பாலான நாடுகள் நாம் போகும் நாளிலிருந்து ஆறு மாதமாவது பாக்கி இருக்க வேண்டும் என்கின்றன.

எல்லையில் வாழும் நமக்கு உண்மையான தலைவலி பெயர்தான். கேரளத்து ஸ்கூல் சர்ட்டிபிகேட்டில் இனிஷியல் பெயருக்குப் பின்னால் இருக்கும், பொள்ளாச்சியில் படித்தவருக்கு முன்னால் இருக்கும். ரேஷன் கார்டில் மலையாளத்தில் எழுதி, அதிலிருந்து ஆங்கிலத்துக்குப் போய், ஒரே மனிதர் மூன்று காகிதத்தில் மூன்று எழுத்துக்கூட்டலோடு இருப்பார். பாஸ்போர்ட்டில் இனிஷியல் செல்லாது, விரித்து எழுத வேண்டும். விண்ணப்பத்தில் 'கிவன் நேம்', 'சர்நேம்' என்று இரண்டு கட்டம் இருக்கும். நம் ஆட்கள் முதல் கட்டத்தில் பெயரை எழுதிவிட்டு இரண்டாவதை அப்படியே விட்டுவிடுவார்கள். அது சட்டப்படி தப்பில்லை. ஆனால் 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்கு விசிட் விசாவில் அனுமதியில்லை என்று சொல்லிவிட்டது. கடைசிப் பக்கத்தில் தகப்பன் பெயர் இருந்தால் போதும் என்று பிறகு தளர்த்தினார்கள். அதற்குள் துபாய் டிக்கெட் போட்டவர்கள் பட்ட பாடு பெரும்பாடு. புதிதாக எடுக்கிறவர்கள் தகப்பன் பெயரையோ கணவர் பெயரையோ சர்நேம் கட்டத்தில் போட்டுவிடுவது நல்லது என்பது என் கருத்து. விமான டிக்கெட்டிலும் பாஸ்போர்ட்டில் உள்ள அதே எழுத்து, அதே பெயர். ஏஜென்ட்டுக்கு வாயால் பெயர் சொல்லாதீர்கள், பாஸ்போர்ட் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள்.

பத்தாவது தேறாதவர்கள் பலரின் பாஸ்போர்ட்டில் 'இசிஆர்' முத்திரை இருக்கும். என் அம்மாவுடையதும் அப்படித்தான். அது குறிப்பிட்ட சில நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கான கட்டுப்பாடு, சுற்றுலாவுக்குத் தடையில்லை. ஆனால் அந்தப் பட்டியலில் மலேசியா, தாய்லாந்து, இந்தோனேசியா, அமீரகம் எல்லாம் இருக்கின்றன. அதனால் இமிகிரேஷனில் நாலு கேள்வி கூடுதலாக வரலாம். திரும்பும் டிக்கெட், ஹோட்டல் பதிவு இரண்டையும் காகிதமாகவே அந்தப் பாஸ்போர்ட்காரர் கையில் கொடுத்துவிடுங்கள். போனில் இருக்கிறது, போன் மகனிடம் இருக்கிறது, மகன் அடுத்த வரிசையில் நிற்கிறான் என்ற கதை அங்கே எடுபடாது.

எந்த நாடு

முதல் பயணத்துக்கு நான்கைந்து மணி நேர விமானத்துக்குள் இருக்கும் நாடு போதும். அதற்குள்ளேயே தேர்வு நிறைய.

மலேசியா 2023 டிசம்பர் முதல் இந்தியர்களுக்கு விசா கேட்பதில்லை. தாய்லாந்தும் விசா விலக்கு கொடுத்தது, 2024 ஜூலையில் அதை 60 நாளாகவும் ஆக்கியது. சிங்கப்பூருக்கு விசா வேண்டும், பெரும்பாலும் அங்கீகாரம் பெற்ற ஏஜென்ட் வழியாகப் போட வேண்டும். கட்டணம் 30 சிங்கப்பூர் டாலர், விசா மறுத்தாலும் திரும்ப வராது. இலங்கைக்கு இணையத்தில் பயண அனுமதி. இவற்றைவிடக் கொஞ்சம் தூரமான பாலி என்றால் இறங்கியதும் 5 லட்சம் இந்தோனேசிய ரூபியாவுக்கு விசா, அதோடு 2024 பிப்ரவரியிலிருந்து 1,50,000 ரூபியா சுற்றுலா வரி. லட்சம் என்றதும் பயப்பட வேண்டாம், அது அந்த ஊர் ரூபாய். இந்த விதிகள் எல்லாமே மாறக்கூடியவை. பணம் கட்டுகிற வாரத்தில் அந்த நாட்டின் தூதரகத் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஏஜென்ட் சொன்னதை மட்டும் நம்ப வேண்டாம்.

தாய்லாந்து, மலேசியா, சிங்கப்பூர் மூன்றுக்கும் போவதற்கு மூன்று நாளைக்குள் இணையத்தில் வருகை அட்டை நிரப்ப வேண்டும். மூன்றும் இலவசம். அரசுத் தளம் போலவே தோற்றமளித்து காசு பிடுங்கும் தளங்கள் இருக்கின்றன. "அரைவல் கார்டு சார்ஜ்" என்று தலைக்கு 500 போட்ட பில்லையும் நான் பார்த்திருக்கிறேன்.

விசாவைத் தாண்டி ஒன்று யோசிக்க வேண்டும். கூட யார் வருகிறார்கள்? வயதான அம்மா அப்பா வந்தால் முதல் நாடாக மலேசியாவையோ இலங்கையையோதான் சொல்வேன். கோலாலம்பூரில் வழி கேட்க ஒரு தமிழ் முகம் எப்படியும் கிடைக்கும், பத்துமலை முருகனைக் கும்பிட்டுவிட்டு வந்த திருப்தியும் இருக்கும். 2006-ல் திறந்த அந்த முருகன் சிலை 42.7 மீட்டர் உயரம். குகைக்கு ஏற 272 படி. முழங்கால் வலிக்காரர்கள் கீழே நின்றே கும்பிடலாம், அதைப் போவதற்கு முன்பே சொல்லி வைத்துவிடுங்கள். அங்கே போய் மனம் கலங்கக் கூடாது. இலங்கையில் தமிழ் ஆட்சி மொழிகளில் ஒன்று, போர்டிலேயே இருக்கும், சாப்பாடும் நமக்குப் பழகியதுதான். கல்லூரிப் பசங்களாகச் சேர்ந்து போனால் தாய்லாந்து, வியட்நாம் சரி. சிங்கப்பூர் அழகுதான், ஆனால் ஹோட்டல் விலை நம் கழுத்தைப் பிடிக்கும். முதல் பயணத்துக்குச் 'சிக்கனம்' என்ற சொல்லோடு அந்த ஊர் ஒட்டாது.

எந்த விமான நிலையம்

கொழிஞ்சாம்பாறையில் நின்றால் வேலந்தாவளம் தாண்டி ஒன்றரை மணி நேரத்துக்குள் கோவை விமான நிலையம். கொச்சி நெடும்பாசேரி ஏறக்குறைய 120 கிலோமீட்டர். ஆனால் கோவையிலிருந்து நேரடி வெளிநாட்டு விமானங்கள் கொஞ்சம்தான், சிங்கப்பூர், ஷார்ஜா மாதிரி. கொச்சியிலிருந்து கோலாலம்பூர், பாங்காக், சிங்கப்பூர், கொழும்பு, துபாய் என்று நிறைய. பக்கத்தில் இருக்கிறதே என்று கோவையில் ஏறி, சென்னையிலோ வேறெங்கோ ஆறு மணி நேரம் உட்கார்ந்து மாறிப்போவதைவிட நெடும்பாசேரிக்கு வண்டி பிடிப்பது பல சமயம் மலிவு, உடம்புக்கும் நல்லது.

வண்டிச் செலவைக் கணக்கில் சேர்க்க மறக்காதீர்கள். பன்னியங்கரை, பாலியேக்கரை என்று இரண்டு டோல், அப்புறம் மண்ணுத்தி பக்கத்து நெரிசல். குதிரான் சுரங்கம் வந்த பிறகு பாதை எளிதாகிவிட்டது என்றாலும், சர்வதேச விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் போய்ச் சேர வேண்டும் என்பதால் வீட்டிலிருந்து ஏழு மணி நேரம் முன்பு கிளம்புவது என் வழக்கம். தனியாகவோ இருவராகவோ போனால் பாலக்காட்டில் ரயில் ஏறி அங்கமாலியில் இறங்கலாம், விமான நிலையம் அங்கிருந்து ஆட்டோ தூரம்தான்.

காலமும் விலைதான். ஓணம், கிறிஸ்துமஸ், ஏப்ரல் மே பள்ளி விடுமுறை, கல்ஃப்காரர்கள் ஊருக்கு வந்து திரும்பும் ஜூலை ஆகஸ்ட், இந்த நாட்களில் கொச்சியில் டிக்கெட் விலை ஏறிக்கொண்டே போகும். தமிழ்நாட்டுச் சொந்தக்காரர்களோடு சேர்ந்து போகிறவர்கள் பொங்கலையும் பார்ப்பார்கள். விடுமுறை முடிந்த அடுத்த வாரம் கேட்டால் அதே ஹோட்டல், அதே விமானம், வேறு விலை. பிள்ளைகள் ஸ்கூலுக்கு நாலு நாள் போகாமல் இருப்பதா வேண்டாமா என்பது அவரவர் வீட்டு விவகாரம், நான் சொல்ல மாட்டேன்.

நோட்டீசை எப்படிப் படிப்பது

பொறுமையாக உட்கார வேண்டிய இடம் இதுதான். மூன்று ஏஜென்ட்டிடம் கேளுங்கள். பாலக்காட்டில் ஒருவர், கோவையில் ஒருவர். மூன்றாவதாக ஐஆர்சிடிசி தளத்தில் அதே நாட்டுக்கு என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். ரயில் டிக்கெட் விற்கும் அதே ஐஆர்சிடிசிதான், வெளிநாட்டுப் பேக்கேஜும் விற்கிறது. அதை வாங்காவிட்டாலும் பரவாயில்லை. எது உள்ளே, எது வெளியே என்று எழுதி வைத்திருப்பார்கள், மற்றவர்கள் சொல்வதை அதோடு வைத்துப் பார்க்கலாம்.

முதலில் நாள் கணக்கு. "4 இரவு 5 பகல்" என்றால் ஐந்து நாள் சுற்றிப் பார்ப்பது என்று நினைத்துத்தான் நானும் போனேன். கொச்சியிலிருந்து நடு இரவில் விமானம். தாய்லாந்து நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது, இறங்கும்போது விடிந்துவிட்டது. ஹோட்டலுக்குப் போனால் மத்தியானம் 2 மணிக்குத்தான் ரூம். தூங்காத கண்ணோடு, கால் வீங்கிய அம்மாவோடு, ஹோட்டல் வரவேற்பறை சோபாவில் ஏழு மணி நேரம் உட்கார்ந்தோம். முதல் பகல் அது. ஐந்தாவது பகல் காலைச் சாப்பாடு முடித்ததும் விமான நிலையம். கையில் மிஞ்சியது மூன்று நாள், அதிலும் ஒரு அரை நாள் ரத்தினக் கல் கடையில் போனது. எனவே கேளுங்கள்: விமானம் எத்தனை மணிக்கு இறங்கும், ரூம் எத்தனை மணிக்குக் கிடைக்கும், கடைசி நாள் எத்தனை மணிக்கு ஏறுவது? சீக்கிரம் ரூம் வேண்டுமென்றால் எவ்வளவு?

இதோடு ஒட்டிய ஒரு பொறி: டிக்கெட்டில் 10-ஆம் தேதி 00:15 என்று இருந்தால் நீங்கள் 9-ஆம் தேதி ராத்திரி விமான நிலையத்தில் இருக்க வேண்டும். பத்தாம் தேதி ராத்திரி பெட்டியோடு போய் நின்றவர் எங்கள் பக்கத்து ஊரிலேயே இருக்கிறார்.

அடுத்தது, விமான டிக்கெட் சேர்த்தா சேர்க்காமலா? 'லேண்ட் பேக்கேஜ்' என்று போட்டிருந்தால் அங்கே இறங்கிய பிறகு உள்ளது மட்டும், டிக்கெட் உங்கள் பாடு. டிக்கெட் சேர்த்தது என்றால் பெட்டிக்கு எத்தனை கிலோ? மலிவு விமானங்களில் கைப்பை 7 கிலோ மட்டும் கொடுத்துவிட்டு பெரிய பெட்டிக்குத் தனிக் காசு வாங்குவது வழக்கம். முன்கூட்டியே வாங்கினால் ஒரு விலை, கவுண்டரில் போய் நின்றால் அதைவிடப் பல மடங்கு.

விலை "ஒருவருக்கு" என்றால் இருவர் ஒரு அறையில் தங்குவதை வைத்துச் சொல்வது. மூன்றாவது ஆளுக்குக் கூடுதல் கட்டில் என்ற பெயரில் மடக்குக் கட்டிலோ மெத்தையோதான் வரும். தனியாகப் போகும் அக்காமார் முழு அறைக் காசும் கொடுக்க வேண்டியிருக்கும், அல்லது யாருடன் அறையில் போடுவார்கள் என்று கேட்க வேண்டும். குழந்தைக்கு "படுக்கையோடு", "படுக்கை இல்லாமல்" என்று இரண்டு விலை உண்டு.

ஹோட்டல் பெயர் எழுதியிருக்க வேண்டும். "மூன்று நட்சத்திரம் அல்லது அதற்கு இணையானது" என்பதில் அந்த 'இணையானது' எங்கே வேண்டுமானாலும் இழுக்கும். பெயர் கிடைத்ததும் மேப்பில் போட்டு, ஊருக்கு நடுவில் இருக்கிறதா, பக்கத்தில் ரயில் நிலையம் உண்டா என்று பாருங்கள். தூரத்து ஹோட்டலில் தங்கினால் சாயங்காலம் வெளியே போய் ஒரு டீ குடிக்கக்கூட டாக்சி பிடிக்க வேண்டும். மிச்சம் பிடித்த 1,000 ரூபாய் அதில் போய்விடும்.

சாப்பாடு. "காலை உணவு உண்டு" என்பது எல்லோரும் சொல்வது. மத்தியானம், ராத்திரி? எங்கள் திட்டத்தில் "இந்தியன் டின்னர்" என்று கொட்டை எழுத்தில் இருந்தது. எத்தனை நாள் என்று நான் கேட்கவில்லை. ஒரு நாள்தான். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் சிக்கல். மீன் சாஸ் ஊற்றிய காய்கறியை அங்கே சைவம் என்றே கொண்டுவந்து வைப்பார்கள், அவர்கள் மேல் தப்பில்லை. அம்மா மூன்று நாள் வாழைப்பழமும் வீட்டிலிருந்து கொண்டுபோன இட்லிப் பொடி பிசைந்த சோறுமாக ஓட்டினாள். எத்தனை வேளை, எந்த ஊர்ச் சாப்பாடு, சைவம் தனியாகக் கிடைக்குமா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

போக்குவரத்து இரண்டு விதம். பஸ்ஸில் ஒரு சீட், அல்லது உங்களுக்கு மட்டும் வண்டி. சீட் மலிவு. ஆனால் வழியில் ஆறு ஹோட்டலில் ஆள் ஏற்றிக்கொண்டு போகும், சொன்ன நேரத்தில் வாசலில் நிற்காவிட்டால் போய்விடும். இருவராகப் போனால் சீட்டே போதும். நாலைந்து பேர், அதில் பெரியவர்கள் என்றால் தனி வண்டிக்கு வித்தியாசம் எவ்வளவு என்று கேளுங்கள். தலைக்குப் பிரித்தால் பெரும்பாலும் பெரிய தொகையாக இருக்காது.

பார்க்கும் இடங்கள். "பார்வையிடல்" என்றால் நுழைவுச் சீட்டோடா, பஸ்ஸிலிருந்து கை காட்டுவதா? ஒவ்வொரு இடத்துக்கும் நேராக 'சீட்டு உண்டு', 'இல்லை' என்று எழுதி வாங்கலாம். 'விருப்பத்தின் பேரில்' என்று போட்டிருப்பதை நீங்கள் எடுக்கவில்லை என்றால் அந்த நேரம் என்ன செய்வீர்கள் என்றும் கேளுங்கள். மற்றவர்கள் உள்ளே போக, நாம் வெளியே நிழல் தேடி உட்கார்ந்த அனுபவமும் எனக்கு உண்டு. கடைகளுக்கு எத்தனை முறை கூட்டிப் போவார்கள்? விலை ரொம்பக் குறைவாக இருந்தால் மிச்சக் காசு அந்தக் கடைகளின் கமிஷனில் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். போகலாம், ஏசியில் நிற்கலாம், வாங்கத் தேவையில்லை.

அப்புறம் குழுவின் மொழி. பாலக்காட்டு ஏஜென்ட்டின் குழுத்தலைவர் மலையாளத்தில்தான் பேசுவார். எல்லைக்காரர்கள் நமக்கு அது பழகியது. ஆனால் கூட வரும் உடுமலை மாமியாருக்கு "நாளை வெளுப்பினு அஞ்சு மணிக்கு" (நாளை விடிகாலை ஐந்து மணிக்கு) என்றால் புரியாமல் அறையில் தூங்கிக்கொண்டிருப்பார். வீட்டில் ஒருவர் மொழிபெயர்க்கத் தயார் என்றால் பிரச்சினை இல்லை.

இரண்டு பேக்கேஜ், ஒரு காகிதம்

இனி கணக்கு. எண்கள் நான் வைத்துக்கொண்டவை. உங்கள் நோட்டீசின் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் பேக்கேஜ் 36,999. ஜிஎஸ்டி தனி, 5 சதவீதம் என்றால் 1,850. பெட்டிக்குப் போக வர 4,500. நாலு ராத்திரிச் சாப்பாடு 2,400. சேர்க்காத இரண்டு இடத்துக்குச் சீட்டு 4,000. டிரைவருக்கும் கைடுக்கும் டிப்ஸ் 1,250. இன்சூரன்ஸ் 500. கொச்சிக்கு டாக்சி போக வர 8,000, நால்வருக்குப் பிரித்தால் 2,000. கூட்டினால் 53,499.

இரண்டாவது பேக்கேஜ் 46,500. ஜிஎஸ்டி, பெட்டி, ராத்திரிச் சாப்பாடு, எல்லா இடத்துச் சீட்டு, இன்சூரன்ஸ் உள்ளே. வெளியே டிப்ஸ் 1,250, டாக்சி 2,000. மொத்தம் 49,750.

நோட்டீசில் 9,501 ரூபாய் அதிகமாகத் தெரிந்தது வாசலில் 3,749 ரூபாய் குறைந்து வருகிறது. நால்வருக்கு ஏறக்குறைய 15,000.

இந்தக் காகிதத்தில் இன்னும் சில வரி வரலாம். மலேசியாவில் வெளிநாட்டவர் ஒரு அறைக்கு ஒரு ராத்திரிக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி ஹோட்டலில் கட்ட வேண்டும், பேக்கேஜில் பெரும்பாலும் இருக்காது. பல ஹோட்டல்கள் முன்பணமும் கேட்கும், கிளம்பும்போது திரும்பக் கொடுப்பார்கள். போன் சிம், விமானத்தில் சாப்பாடு, இவை சில்லறை.

வெளிநாட்டுப் பேக்கேஜுக்கு 2020 அக்டோபரிலிருந்து டிசிஎஸ் என்று ஒரு பிடித்தமும் உண்டு. முதலில் 5 சதவீதமாக இருந்தது, பிறகு பட்ஜெட்களில் விகிதம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. அன்றைக்கு என்ன என்று கேட்டுக்கொள்ளுங்கள். இது செலவல்ல, உங்கள் பான் கணக்கில் ஏறும் முன்வரி. ஆனால் அன்றைக்குக் கையிலிருந்து போகிற பணம், குறிப் பணத்தை அளந்து வைத்திருப்பவர்கள் இதற்கும் சேர்த்து வைக்க வேண்டும். யார் பானில் பிடித்தார்கள் என்று ரசீதில் பாருங்கள்.

பணம் கொடுக்கும் முன்

ரசீதில் உள்ள ஜிஎஸ்டி எண்ணை ஜிஎஸ்டி தளத்தில் போட்டால் யார் பெயரில், எந்த ஊரில் என்று வந்துவிடும், காசு கிடையாது. கடையின் பெயரும் வங்கிக் கணக்கின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். "ஆபீஸ் அக்கவுண்ட்ல பிரச்சினை, என் ஜிபேக்கு போடுங்க" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். மொத்தமும் ஒரேயடியாகக் கட்டாதீர்கள். அட்வான்ஸ், டிக்கெட் கைக்கு வந்ததும் ஒரு பங்கு, ஹோட்டல் பதிவு வந்ததும் மிச்சம். டிக்கெட் வந்த அன்றே பிஎன்ஆர் எண்ணை விமான நிறுவனத் தளத்தில் போட்டு உங்கள் பெயர் வருகிறதா பாருங்கள். குழு டிக்கெட் என்றால் சிலசமயம் பெயர் பிறகுதான் ஏறும். எந்தத் தேதிக்குள் என்று கேட்டு வையுங்கள்.

ரத்து செய்தால் எவ்வளவு போகும், விசா மறுத்தால் யார் தலையில், விமானம் ரத்தானால் என்ன, இந்த மூன்றையும் வாட்ஸ்அப்பிலாவது எழுத்தாக வாங்குங்கள். ஏமாற்றப்பட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் எண்ணில் புகார் சொல்லலாம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஏஜென்ட் கோவையில் இருந்தாலும் பாலக்காட்டில் போடலாம். 5 லட்சம் வரைக்கும் கட்டணமும் கிடையாது. ஆனால் எழுத்தில் இல்லாததை அங்கே போய் நிரூபிக்க முடியாது. நான் முதல்முறை வழக்குப் போடாததற்குக் காரணம் அதுதான். என்னிடம் இருந்தது ஒரு நோட்டீசும் நிறைய வாய்ப்பேச்சும்.

இன்சூரன்ஸ் எடுக்காமல் போக வேண்டாம். சர்க்கரை, பிரஷர் உள்ளவர்கள் மறைக்காமல் எழுதி, ஏற்கெனவே உள்ள நோய்க்கு எதுவரை கொடுப்பார்கள் என்று படியுங்கள்.

இன்னொன்று, பேக்கேஜ் விஷயமல்ல என்றாலும் நம் பக்கம் சொல்லியே ஆக வேண்டும். "டூரிஸ்ட்டா போங்க, அங்க வேலை ரெடி" என்று யாராவது சொன்னால் அது சுற்றுலா அல்ல. தாய்லாந்து வழியாக மியான்மர் மோசடிக் கும்பல்களிடம் இளைஞர்கள் மாட்டியது பற்றி மத்திய அரசே திரும்பத் திரும்ப எச்சரித்திருக்கிறது. விமான நிலையத்தில் "இந்தப் பொட்டலத்தை மட்டும் கொண்டுபோய்க் கொடுத்திருங்க" என்று தெரிந்தவரே கேட்டாலும் முடியாது என்று சொல்லப் பழகுங்கள்.

பெட்டி கட்டும்போது

வீட்டுப் பொடிகளைத் தாராளமாகக் கொண்டு போகலாம், ஆனால் கசகசா சேர்த்தது வேண்டாம். சிங்கப்பூரிலும் அமீரகத்திலும் அது தடை செய்யப்பட்ட பொருள். வெற்றிலையும் அமீரகத்துக்கு ஆகாது. கொப்பரைத் தேங்காயை விமானத்தில் ஏற்ற மாட்டார்கள், எண்ணெய் தீப்பிடிக்கும் என்பதால். தோப்புக்காரர்கள் நமக்கு இது வருத்தம்தான். மருந்துகளுக்கு டாக்டர் சீட்டு.

தங்கம் குறைவாகப் போடுங்கள். திரும்பும்போது நகைச் சலுகை என்பது ஒரு வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்தவர்களுக்குத்தான், நாலு நாள் போய்வருகிற நமக்கல்ல. போட்டுத்தான் போக வேண்டும் என்றால் கிளம்பும் முன் கஸ்டம்ஸ் கவுண்டரில் காட்டி எழுதி வாங்கிக்கொள்ளலாம். தாலிக்கொடி பற்றி என் வீட்டில் நடந்த விவாதத்தை இங்கே எழுத முடியாது.

பணம்: கொஞ்சம் அந்த நாட்டு நோட்டு, மிச்சம் ஃபாரெக்ஸ் கார்டு, அதாவது வெளிநாட்டுப் பணத்தை முன்பே ஏற்றி வைக்கும் கார்டு. சாதாரண கார்டை அங்கே தேய்த்தால் பல வங்கிகள் மூன்றரை சதவீதம் வரை கூடுதலாகப் பிடிக்கும். விமான நிலையத்தில் மாற்றினால் விலை மோசம், பாலக்காட்டிலோ கோவையிலோ இரண்டு கடையில் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள், ரசீதோடு.

திரும்பி வந்த பிறகு

எல்லா ரசீதையும் ஒரு கவரில் போட்டு வையுங்கள். வருமானவரித் தளத்தில் உங்கள் பான் கணக்கைத் திறந்தால் ஏஜென்ட் பிடித்த டிசிஎஸ் ஏறியிருக்கும். ஏறவில்லை என்றால் ஏஜென்ட்டிடம் சான்றிதழ் கேட்டு விடாமல் போன் பண்ணுங்கள். வரி கட்டும் அளவு வருமானம் இல்லாதவர்களும் ரிட்டர்ன் போட்டால் அந்தப் பணம் வங்கிக்கு வரும். எங்கள் தெரு குடும்பஸ்ரீ அக்கா ஒருவர், "எனக்கெதுக்கு தம்பி ரிட்டர்னெல்லாம்" என்று விட்டுவிடப் பார்த்தார். உட்கார வைத்துப் போட்டுக் கொடுத்தேன். பணம் வந்த அன்று சொசைட்டிக்கு வந்து, இலங்கைக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்டார்.